வார்ம்பிளட் பொலிகுதிரைக்கு உரிமம்: எதைப் பார்த்து, எந்த நிலையில் கொடுக்கிறார்கள்?

நெல்லைச் சீமையில் எல்கைப் பந்தயத்துக்குக் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் சுழி பார்ப்பார், பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார், பிறகு சிறிது தூரம் ஓடவிட்டுப் பார்ப்பார். தடை தாண்டும் போட்டிக்கும் பழக்கிய நடைகளைச் செய்துகாட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்கும் ஐரோப்பாவில் வளர்க்கப்படும் வார்ம்பிளட் இனங்களில், ஓர் ஆண் குதிரையைப் பொலிகுதிரையாகச் சேர்க்கைக்கு விட உரிமம் கொடுக்குமுன் நடக்கும் தேர்வும் இப்படிக் கண்பார்வையில்தான் தொடங்குகிறது. ஆனால் அது அத்தோடு முடிவதில்லை.

இந்த உரிமத்தை வழங்குவது இனவளர்ப்புச் சங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/1012 எண்ணுள்ள ஒழுங்குமுறை 2018 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சங்கத்தை அரசு அங்கீகரித்திருக்க வேண்டும், அதன் வளர்ப்புத் திட்டத்துக்கும் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இன்றைய ஜெர்மனியில் அடங்கிய ஹனோவர் நாட்டில் 1735-இல் செல்லே நகரில் அரசுக் குதிரைப் பண்ணை அமைக்கப்பட்டதே, சொந்தமாக நல்ல பொலிகுதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத உழவரின் பெட்டைக் குதிரைகளுக்கு நல்ல வித்து கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். பெட்டை வைத்திருப்பவரைக் காப்பதே இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

ஜெர்மனியில் பெரும்பாலும் இரண்டரை வயதில் உரிமத் தேர்வு நடக்கிறது. கெட்டித் தரையில் கையில் பிடித்து நடத்தியும், ஆளேறாமல் அவிழ்த்துவிட்டு ஓடவும் தாண்டவும் வைத்தும் குழுவினர் மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன்பே கால்மூட்டுகளின் எக்ஸ்ரே, இரு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா என்பது, பல் அமைப்பு, மூச்சுக்குழல் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் ஆராய்ந்திருப்பார். இதில் தேறியது முதல் படி மட்டுமே. பின்னர் 14 நாள் திறன் சோதனையிலும், ஏறிச் செலுத்திப் பார்க்கும் விளையாட்டுத் தேர்வுகளிலும் உரிய மதிப்பெண் பெறாவிட்டால், கொடுத்த அனுமதி தொடராது.

நல்ல ஆணும் நல்ல பெட்டையும் சேர்ந்தால் நல்ல குட்டிதான் பிறக்கும் என்று நம்பிவிட முடியாது. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் மேற்கிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதை எழுதிய மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் உயர்ந்த இணைக்கும் கால் கோணிய சிறு குட்டி பிறந்ததைக் குறித்து, தட்பவெப்பத்தையே அதற்குக் காரணமாகக் கொண்டார். வார்ம்பிளட் குதிரைகளில் காரணம் சில வேளை மரபணுவிலேயே இருக்கிறது. தோலையும் இணைப்புத் திசுவையும் நலியச் செய்து குட்டியைக் கொல்லும் குறைபாடு ஒன்று உண்டு. ஆணும் பெட்டையும் வெளியே நோயின்றி அந்த மரபணுவைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு சினையிலும் 25 விழுக்காடு வாய்ப்பில் அது வெளிப்படும். இதனால் 2018-க்குப் பின் பல சங்கங்கள் பொலிகுதிரைக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கி, முடிவை வெளியிடவும் செய்கின்றன. அந்த மரபணுவைச் சுமக்கும் குதிரையைப் பொதுவாக விலக்கிவிடுவதில்லை. ஆகவே தன் பெட்டையையும் சோதித்துக்கொள்ளும் பொறுப்பு உரிமையாளருடையது.

ஒரு சங்கத்தின் உரிமம் மற்றொரு சங்கத்தில் தானாகச் செல்லாது. ஆகவே வித்துக்குப் பணம் கட்டுமுன், குட்டியை எந்தச் சங்கத்தில் பதிய விரும்புகிறோமோ அந்தச் சங்கம் இந்தக் குதிரையை ஏற்றிருக்கிறதா, அந்த அனுமதி இந்தப் பருவத்துக்கும் நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.