டீ டைமில் நடக்கும் ஐந்து நிமிடம்

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகுவலி, கழுத்துவலி என்று வருபவர்களில் பனியன் கம்பெனி டெய்லர்கள்தான் அதிகம். போன மாதம் ஓர் அக்கா வந்தார். பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைக்கிறார், சர்க்கரையும் உண்டு. தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னேன்.

"அரைமணி நேரத்துக்கு எங்கீங்க போறது? டீ டைம்ல அஞ்சு நிமிசம் நடந்தா கணக்குல வருமுங்களா?"

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் வராது என்றுதான் சொல்லியிருப்பேன். உலக சுகாதார அமைப்பின் 2010 வழிகாட்டுதல், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்த நடையைத்தான் கணக்கில் எடுத்தது. 2020-இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள்.

ஏன் மாறியது? முன்பெல்லாம் ஆய்வுகளில் ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார்கள். கேள்வியே "தொடர்ந்து 10 நிமிடமாவது நடந்தீர்களா?" என்றுதான் இருக்கும். ஐந்து நிமிட நடை தாளிலேயே ஏறாது. பிறகு இடுப்பில் கட்டும் அளவீட்டுக் கருவி வந்தது, துண்டு துண்டான நடையும் பதிவானது. அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, சிறு சிறு நடைக்கும் பலன் இருப்பது தெரிந்தது.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்குக் கறாரான முறை இருக்கிறது. கேள்வியை முதலில் முடிவு செய்வார்கள். எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே விதி வகுப்பார்கள். பலன் இல்லை என்று சொன்ன ஆய்வையும் ஒதுக்கக் கூடாது. கடைசியில் அந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிப்பார்கள்.

ஒரே ஆய்வை நம்பினால் என்ன என்று கேட்கலாம். 1953-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ், லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்பவர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் 1956-இல் அவரே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் நோயா, முதலிலேயே உடம்பு கனத்தவர்களா? துணி தைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் உடனே புரியும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. இந்தியர்களுக்கென்று 2012-இல் நிபுணர்கள் கூடி, வேலையில் வரும் அசைவையும் சேர்த்து, தினமும் 60 நிமிடம் என்று பரிந்துரைத்தார்கள். ஆனாலும் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூரில் நாள் முழுக்கத் தறிகளுக்கு நடுவே நடப்பவரையும் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவரையும் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகள் வேண்டும். நம் ஊர் உடம்பு அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

சரி, அந்த அக்காவுக்கு வருவோம். இரண்டு டீ டைமிலும் ஐந்தைந்து நிமிடம், பஸ் ஸ்டாப்புக்குப் போக எட்டு, வர எட்டு. ஒரு நாளைக்கு 26, ஆறு நாளைக்கு 156 நிமிடம். வாரத்துக்கு 150 முதல் 300 வரை என்பதுதான் வழிகாட்டுதல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும் என்றேன். வாரம் இரண்டு நாள் தசை வலுவுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் செய்து காட்டினேன்.

"இது ஆகுமுங்க. எங்க லைன்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு நடக்கறேனுங்க" என்றார்.