இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்காது

போன வாரமும் ஒருவர் வந்தார். நிறைமாதம், இடுப்புவலி ஆரம்பித்துவிட்டது, எச்.பி., அதாவது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவு, 6.4. பையைத் திறந்தால், சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரைகள் அட்டை அட்டையாக அப்படியே இருக்கின்றன. ஏன் போடவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. மாமியார்தான் சொன்னார்: "அதப் போட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்னு சொல்றாங்களே டாக்டரம்மா." ராத்திரியோடு ராத்திரியாக ரத்தத்துக்கு அலைந்து, ஒருவழியாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சரி, இந்தக் கறுப்பு விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். தோலின் நிறத்தைத் தருவது மெலனின். அது எவ்வளவு என்பது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்களின் வேலை. கரு தரித்த அன்றே முடிவான விஷயம் அது. மாத்திரையை நாங்கள் ஆரம்பிப்பதே நான்காம் மாதத்தில்தான். மாத்திரை போடும்போது மலம் கறுப்பாகப் போகும், உண்மைதான். உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்ச இரும்பு வெளியே போகிறது, அவ்வளவே. அதைப் பார்த்துப் பயந்து யாரோ கிளப்பிவிட்ட கதையாகத்தான் இருக்க வேண்டும். மலம் குடலில் இருக்கிறது, பிள்ளை கருப்பையில் இருக்கிறது. நடுவில் பாதை கிடையாது! இதில் வேடிக்கை என்னவென்றால், இலவச மாத்திரையை ஒதுக்குகிற வீட்டிலேயே காசு கொடுத்து வாங்கிய டானிக்கை ஒழுங்காகக் குடிக்கிறார்கள். அதில் இருப்பதும் இரும்புதான். குங்குமப்பூவும் நிறத்தை மாற்றாது. ஒரு கிராம் வாங்கும் காசில் ஒரு மாதத்துக்கான முட்டையே வாங்கிவிடலாம். அப்புறம், பிள்ளை கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிற மாநிலம் இது. ஆஸ்பத்திரி வரை வந்துவிடுகிறார்கள், ரத்தம்தான் இல்லை. கர்ப்பத்தில் எச்.பி. 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே கடுமையானது. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலும் 11 இருப்பவர் தாங்கிவிடுவார். 6 இருப்பவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்து.

அடுத்தது, "குறைச்சுச் சாப்பிட்டா பிள்ளை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்" என்ற யோசனை. பிள்ளை சின்னதாகத்தான் பிறக்கும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் நேராக இன்குபேட்டருக்குப் போக வேண்டி வரலாம். கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரிதான். வழக்கமான சாப்பாட்டோடு இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கை வேர்க்கடலை. இதற்கா இத்தனை பயம்?

புதிதாக வந்திருக்கும் டாக்டர்களுக்கு ஒன்று. "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யாருக்கு அப்புறம் சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருந்த ரசஞ்சோறு என்று பதில் வரும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் இதே கதைதான். பேரீச்சம்பழம் பிள்ளைகளுக்கு, நெய் வீட்டுக்காரர் தோசைக்கு. கர்ப்பிணிக்கு மிஞ்சுவது கூடை.

மாமியார்களே, அம்மாக்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு கிண்டுகிறீர்கள், சந்தோஷம். மற்ற நாட்களில் அந்தப் பெண்ணை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது, நிறம் வேறு இரும்பு வேறு. முட்டை, மீன், கீரை, பயறு கொடுங்கள். கறி சாப்பிடும் வீடென்றால் ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரல்) நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். அரிசி, சாம்பல், செங்கல் தூள் என்று தின்னத் தோன்றுகிறது என்றால் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகாமல் எச்.பி. பாருங்கள்.

மாத்திரை நாளுக்கு ஒன்று, 180 நாள். 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். டீ, காபியோடு போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் இருந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்காதீர்கள். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் பழமும் கூட்டுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம், எங்களிடம் வந்து சொல்லுங்கள். நான்காம் மாதத்துக்கு மேல் தரும் பூச்சி மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரைக்கு எச்.பி. ஏறவில்லை என்றால் ஊசி மூலம் இரும்பு ஏற்றுவோம், பயப்படாதீர்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது, முகமும் நாக்கும் வெளுத்திருக்கிறது என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் மாத்திரை உண்டு, இன்னொரு 180 நாள். பத்தியம் என்று கீரையையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, பால் ஊறவில்லை என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.