பி.வி.என்.எஸ்.: ஈற்றில் பிழைத்த பெயர்

முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியில் எப்போதாவது ‘பி.வி.என்.எஸ்.’ என்று நான்கு எழுத்துகள் வரும். விரித்தால் ‘பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைடிஸ்’. மூட்டின் உள்சவ்வில் வரும் அரிய நோய், புற்று அல்ல. 1941இல் யாஃபே, லிக்டன்ஸ்டைன், சூத்ரோ என்ற மூவர் வைத்த பெயர் இது. கண்ணால் கண்டதை வரிசையாக எழுதி, கடைசிச் சொல்லில் மட்டும் சறுக்கியிருக்கிறார்கள்.

‘பிக்மென்டம்’ என்றால் லத்தீனில் சாயம். மூட்டுக்குள் திரும்பத் திரும்பக் கசியும் ரத்தம் சிதைந்து, அதிலுள்ள இரும்பு சவ்வில் படிந்துவிடுகிறது. துருப்பிடித்த தகரத்தின் நிறம். வீங்கிய முழங்காலில் ஊசியால் நீர் எடுத்தால், வெளிர்மஞ்சளாக வரவேண்டியது ரத்தம் கலந்து பழுப்பாக வருவதுண்டு. இதே இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால்தான் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடங்கள் கருத்துத் தெரிகின்றன. நோயைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். திசுப் பரிசோதனை அதை உறுதிசெய்யும்.

‘வில்லஸ்’ என்பது சடைமயிர்க் கற்றை. நம் பள்ளிப் பாடநூல்களில் இச்சொல் ‘குடலுறிஞ்சி’ ஆகிவிட்டது. குடலில் அது சரி. முழங்காலில் எதை உறிஞ்சுவது? ‘குஞ்சம்’ என்பதே பொருத்தம். மூட்டுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்த்தால், உப்புநீரில் பழுப்புக் குஞ்சங்கள் பாசிபோல அசைந்தாடும். ‘நாடுலஸ்’ சிறு முடிச்சு; வேர்முடிச்சு என்று முன்பே பழகிய சொல்தான்.

‘சைனோவியா’ பதினாறாம் நூற்றாண்டின் பாராசெல்சஸ் உருவாக்கிய சொல். மூட்டுநீர் முட்டை வெண்கரு போல் வழவழப்பாக இருப்பதால், முட்டையைக் குறிக்கும் ‘ஓவும்’ அதில் ஒளிந்திருக்கிறது என்பது ஒரு கருத்து. ‘மூட்டில் பசை வற்றிவிட்டது’ என்று நம்மவர்கள் சொல்வதும் இந்த நீரைத்தான். நீரைச் சுரக்கும் சவ்வுக்குத்தான் தனிப்பெயர் இல்லை. பேச்சில் ‘ஜவ்வு’ என்றால் கிழிந்த நாரும் அதுவே, நசுங்கிய குருத்தெலும்பும் அதுவே. எனவே ‘மூட்டுச்சவ்வு’ என்று எழுதிவிடுவது நல்லது.

சறுக்கல் ‘-ஐடிஸ்’ என்ற ஈற்றில். அதன் பொருள் அழற்சி. உண்மையில் இது கட்டி. ஒரு சிறு பகுதிச் செல்களில் மட்டும் முதலாம் குரோமோசோமின் ஒரு மரபணு இடம் மாறி, அழைப்புப் புரதம் ஒன்றை அளவுமீறிச் சுரக்கிறது. அந்த அழைப்புக்கு வந்து குவியும் விழுங்குசெல்களே கட்டியின் பெரும்பகுதி. உலகச் சுகாதார நிறுவனம் இப்போது ‘டீனோசைனோவியல் ஜயன்ட் செல் டியூமர்’ என்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை: ‘ஜயன்ட் செல்’ என்ற அந்தப் பெருஞ்செல்களும் அழைத்து வந்தவைதான். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தின் பெயரை வீட்டுக்கு வைத்ததுபோல.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அழற்சி என்றால் மாத்திரை கேட்கத் தோன்றும். கட்டி என்றால் வெட்டியெடுக்க வேண்டும். ஒரே இடத்தில் முடிச்சாக இருந்தால் சிறு துளை வழியே அகற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. சவ்வு முழுவதும் படர்ந்திருந்தால் முழங்காலின் பின்பக்கமும் போயாக வேண்டும். அங்கே பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. மிச்சம் விட்டால் மீண்டும் முளைக்கும், விடாவிட்டாலும் சிலருக்கு முளைக்கும். அறுவை பயன்தராத நிலையில் இருப்பவர்களுக்காக, அந்த அழைப்பைத் தடுக்கும் பெக்ஸிடார்டினிப் மருந்துக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

‘நிறமேறிய குஞ்சமுடிச்சு மூட்டுச்சவ்வழற்சி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பழைய பிழையும் கூடவே தமிழுக்கு வந்துவிடும். ‘மூட்டுச்சவ்வுக் கட்டி’ என்றே நான் எழுதுவேன்; முடிச்சு வகை, படர் வகை என்று இரண்டு. ‘கட்டி’ என்றதும் வீட்டில் எல்லோர் முகமும் மாறும் என்பதால், முன்னால் ‘புற்றல்லாத’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.