கூரையில் சூரியத் தகடு, கையில் 400 வெள்ளிப் பற்றுச்சீட்டு: எது யார் பொறுப்பு?

ஊரிலிருந்து வந்திருந்த மாமா கீழ்த்தளத்தில் நின்று கேட்டார்: "இங்கே மாநகராட்சி ஆபீஸ் எங்கேப்பா?" சிங்கப்பூரில் அப்படி ஒன்று தனியாக இல்லை. கரிம வரி, 2050க்குள் கரிம வெளியேற்றத்தை நிகர சுழியமாக்கும் இலக்கு போன்ற பெரிய முடிவுகளை அரசாங்கமே எடுக்கிறது. நம் புளோக் அளவில் பருவநிலை வேலை மூன்று இடத்தில் நடக்கிறது: அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), நகர மன்றம், நம் வீடு.

நகர மன்றங்கள் 1986ல் அங் மோ கியோவில் முன்னோட்டமாகத் தொடங்கின; 1988ல் அவற்றுக்கெனச் சட்டம் வந்தது. தாழ்வார விளக்கு, மின்தூக்கி, தண்ணீர் பம்பு எல்லாம் அவற்றின் பொறுப்பு. மாதாமாதம் நாம் கட்டும் கட்டணம் அதற்குத்தான் போகிறது.

கூரைத் தகடுகள் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. அந்த மின்சாரம் நம் வீட்டுக்குள் வருவதில்லை. வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் 2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் அமைந்த தகடுகள், பகலில் முதலில் மின்தூக்கிக்கும் பொது விளக்குக்கும் மின்சாரம் தருகின்றன. மிச்சம் பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. ஆகவே வீட்டு மின்கட்டணம் ஏன் குறையவில்லை என்று நகர மன்றத்தைக் கேட்டுப் பயனில்லை. பொது இடங்களின் மின்செலவில்தான் அந்தப் பலன் தெரியும்.

சரி, கதவுக்கு உள்ளே? அதற்குத்தான் பருவநிலைப் பற்றுச்சீட்டு: மின்சாரமோ தண்ணீரோ மிச்சப்படுத்தும் சாதனங்களை வாங்க அரசாங்கம் தரும் உதவி. தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் இதை நடத்துகின்றன. 2020ல் தொடங்கியபோது 1 முதல் 3 அறை வீடுகளுக்கு மட்டும்தான் கிடைத்தது. 2024 ஏப்ரல் 15லிருந்து எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்றானது. 2025 ஏப்ரலில் இன்னும் 100 வெள்ளி சேர்ந்தது. தனியார் வீடுகளில் இருக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி வந்தது. 2027 டிசம்பர் 31 வரை செலவழிக்கலாம்.

இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் எடுத்தால் போதும். இணைப்பு குறுஞ்செய்தியாக வரும். அதை மற்றவர்களுக்கும் அனுப்பலாம். முதல் 300ஐ முன்பே எடுத்தவர்கள் பின்னால் வந்த 100ஐயும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அப்புறம், திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் செல்லாது. பொருளின் ஒட்டுவில்லையில் இருக்கும் டிக் குறிகளை எண்ண வேண்டும்; டிக் கூடக் கூட மின்சாரமோ தண்ணீரோ அதிகம் மிச்சமாகும். ஏசிக்கு 5 டிக் வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு 3 டிக் முதல், குளியலறை ஷவருக்கு 3 டிக். எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, சலவை இயந்திரம், குழாய், கழிவறைத் தொட்டி ஆகியவையும் பட்டியலில் உண்டு.

நன்றாக ஓடும் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றுச்சீட்டுக்காகத் தூக்கி எறிய வேண்டாம் என்பது என் கருத்து. அது குப்பையைத்தான் கூட்டும். பழையது தகராறு செய்யத் தொடங்கியிருந்தால் இதுதான் நேரம். எதுவும் பழுதாகவில்லை என்றால் விளக்கிலிருந்து தொடங்குங்கள், செலவு குறைவு, மாட்டுவதும் எளிது. வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கை ஏசியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே புதிய ஏசி வாங்கினாலும் 25 டிகிரிக்குக் கீழே இறக்காமல் மின்விசிறியையும் சேர்த்துப் போட்டால்தான் 5 டிக்குக்குக் கொடுத்த காசு வீணாகாது.

எனக்குப் பெரிய கவலை தனியாக இருக்கும் பாட்டி, தாத்தாக்களைப் பற்றித்தான். பத்து, பதினைந்து வருடப் பழைய பெட்டி பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வெள்ளியும் கணக்குப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் சிங்பாஸ் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். சமூக மன்றத்தில் உதவி கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போகும்போது, "பாட்டி, அந்த 400 வெள்ளியை எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைப்பேசியில் அவரையே எடுக்க வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அவரே தட்டட்டும்.