மார்கழியில் ஆறிப்போன வெந்நீர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கருவி பொருத்திய முதல் மார்கழி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூடு. விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் பச்சைத் தண்ணீர். "கிணற்றுத் தண்ணீராவது இந்த மாதத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தவறில்லை.

தொட்டியைச் சுற்றிக் கெட்டியான நுரைப்பஞ்சு உறை இருக்கிறது. ஒரே இரவில் அவ்வளவு சூடும் அதைத் தாண்டிப் போயிருக்க முடியாது. வேறு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மாடியேறிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பொருத்தியவர் தொட்டியை, வெயிலைப் பிடிக்கும் தகட்டின் மேல்விளிம்பு மட்டத்திலேயே உட்கார வைத்திருந்தார். கேட்டதற்கு, "'தானே' புயலைப் பார்த்த ஊர் சார், உயரத்தில் வைத்தால் காற்று தூக்கிவிடும்" என்றார். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமாகத்தான் படும். ஆனால் இந்தக் கருவிக்கு உயரம்தான் உயிர்.

இதில் மோட்டார் கிடையாது. வெயிலில் சாய்ந்திருக்கும் தகட்டுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் உள்ள தண்ணீர் சூடானதும் லேசாகிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 996 கிராம். 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 983 கிராம்தான். லேசான தண்ணீர் மேல்குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏற, தொட்டியின் அடியிலிருக்கும் கனமான குளிர்ந்த தண்ணீர் கீழ்க்குழாய் வழியாகத் தகட்டின் அடிக்கு வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. நாள் முழுவதும் இந்தச் செக்கு சுற்றுகிறது. சுற்ற வைக்கும் விசை எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர் உயரத்துக்கு அந்த 13 கிராம் வித்தியாசம் தருவது 13 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். விரலகலம்கூட இல்லை. அதனால்தான் குழாயில் ஒரு வளைவு கூடினாலும், நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்தாலும், எங்காவது ஒரு காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டாலும் எல்லாம் மந்தமாகிவிடும், சில சமயம் நின்றேவிடும்.

இரவில் கதை தலைகீழ். தெளிந்த வானத்தை நோக்கிப் படுத்திருக்கும் தகடு தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. தொட்டி போதிய உயரத்தில் இருந்தால் அந்தக் குளிர்ந்த நீர் தகட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். தொட்டி தாழ்ந்திருந்தாலோ செக்கு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். பகலெல்லாம் சேர்த்த வெந்நீரைத் தகட்டுக்கு அனுப்பி, வானத்துக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த நீரைத் தொட்டியில் சேர்க்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இதற்குப் பாடநூல் வைத்த பெயர் வெப்பச்சலனம். 'வெப்பம் மேலே போகும்' என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். மேலே போவது சூடான பாய்மம், அதாவது நீரோ காற்றோ எண்ணெயோ. வெப்பம் அதன் தோளில் ஏறிப் போகிறது. பாய்மம் நகராமல் நின்றுவிட்டால் வெப்பம் நடந்துதான் போக வேண்டும், அந்த நடை மிக மெதுவானது.

ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்கிக் குடித்த யாருக்கும் இது நாக்கில் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கிய கூழ் மேலே ஆடை கட்டி, ஆறிப்போனது போலத் தெரியும். நம்பி ஒரு கரண்டி ஆழமாக எடுத்தால் நாக்கு வெந்துவிடும். அதே நேரத்தில் இறக்கிய ரசம் எப்போதோ ஆறியிருக்கும். ரசத்தில் மேலே குளிர்ந்த பகுதி கீழே இறங்க, அடியில் உள்ள சூடு மேலே வந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கூழின் பாகுநிலை, அதாவது எளிதில் ஓடவிடாத கெட்டித்தன்மை, அந்த நடமாட்டத்துக்கு இடம் கொடுப்பதில்லை. இதே அனுபவம் பதினெட்டாம் நூற்றாண்டு அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபுவுக்கும் நேர்ந்தது. கெட்டியான அரிசி சூப்பை ஆற வைத்துவிட்டு வேறு வேலையில் மூழ்கியவர், திரும்பி வந்து முதல் கரண்டியைக் குளிர்ச்சியாகச் சாப்பிட்டார், அடுத்ததில் வாயைச் சுட்டுக்கொண்டார். பிறகு, சூடான சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஜன்னலோரம் ஆற வைத்திருந்தபோது, உள்ளே கலந்திருந்த தூசிகள் நடுவில் ஏறுவதையும் ஓரத்தில் இறங்குவதையும் வெயில் வெளிச்சத்தில் கண்டார். 1790களில் அவர் எழுதியவைதான் இந்தத் துறையின் தொடக்கம். சுட்ட வாயிலிருந்து பிறந்த அறிவியல் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

பாய்மம் எப்போது நகரத் தொடங்கும்? இரண்டு கிடைமட்டத் தட்டுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய அடுக்கை வைத்து அடியில் சூடேற்றினால், உடனே நகர்ந்துவிடாது. சூடு லேசாக்கி மேலே தூக்கப் பார்க்கும். பாகுநிலை பிடித்து இழுக்கும். வெப்பமும் பக்கத்தில் கசிந்து வித்தியாசத்தை அழிக்கப் பார்க்கும். இந்த இழுபறியை ஒரே எண்ணில் அடக்கியது 1916இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு எழுதிய கணக்கு. ராலே எண் எனப்படும் அந்த எண் 1708ஐத் தாண்டினால் பாய்மம் புரளும், அதற்குக் கீழே அசையாது. 1900இல் பெனார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட அழகான அறுகோண வடிவங்களை விளக்கத்தான் ராலே இதை எழுதினார். ஆனால் பெனார் பார்த்தவை பெரும்பாலும் திரவப் பரப்பின் இழுவிசையால் வந்தவை என்பது அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. எதை விளக்கப் பிறந்ததோ அதை விளக்காமல், மற்ற எல்லாவற்றையும் விளக்கிய கணக்கு!

ராலே எண்ணில் அடுக்கின் தடிமன் கனமடியாக வருகிறது. தடிமனை இரட்டித்தால் எண் எட்டு மடங்காகும். நம் ஊர் வெப்பத்தில், மேலும் கீழும் 10 டிகிரி வித்தியாசம் உள்ள காற்று அடுக்கு சுமார் 13 மில்லிமீட்டர் வரை அசையாமல் நிற்கும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்கோ ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், புரண்டுவிடும். உலை கொதிப்பதற்கு வெகு முன்பே பானைக்குள் அரிசி அலைபாய்வதன் காரணம் இதுதான்.

பக்கவாட்டில் சூடு என்றால் தாண்ட வேண்டிய எல்லையே இல்லை. எவ்வளவு சிறிய வித்தியாசமானாலும் சூடான சுவரோரம் ஏறும், குளிர்ந்த சுவரோரம் இறங்கும். ஒரு சதுரப் பெட்டிக்குள் காற்றை அடைத்து, இடச்சுவரைச் சூடாகவும் வலச்சுவரைக் குளிர்ச்சியாகவும் வைத்துக் கணக்கிட்டால் என்ன வரும் என்று டி வால் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஒப்பீட்டு எண்களை இந்தத் துறைக்காரர்கள் இன்னமும் தங்கள் கணினி நிரல்களை உரசிப் பார்க்கும் கல்லாக வைத்திருக்கிறார்கள். ராலே எண் ஆயிரமாக இருந்தால், அசையாத காற்று கடத்துவதைவிட 12 சதவீதம்தான் கூடுதல் வெப்பம் போகும். பத்து லட்சமானால் 8.8 மடங்கு. 10 டிகிரி வித்தியாசத்தில் முதலாவது ஒரு சென்டிமீட்டர் பெட்டி, இரண்டாவது பதினொரு சென்டிமீட்டர் பெட்டி. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் இடைவெளி பெரும்பாலும் 12 முதல் 16 மில்லிமீட்டராக இருப்பது இதனால்தான். குறைத்தால் காற்றின் வழியே வெப்பம் கசியும். கூட்டினால் காற்றே சுமக்கத் தொடங்கும்.

சூடு மேலிருந்து வந்தால்? சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு கான்கிரீட் தளம் கொதிக்கும்போது, அதன் அடியில் ஒட்டிய காற்று சூடாகி லேசாகி அங்கேயே நிற்கும். இறங்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. மின்விசிறியைப் போட்டவுடன் முகத்தில் அனல் அடிப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கூரையடியில் சும்மா தங்கியிருந்த அந்த அடுக்கைத்தான் விசிறி கீழே தள்ளுகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் பழைய வீடுகளுக்கு அவ்வளவு உயரமான கூரை வைத்தவர்கள், சூட்டுக்குத் தலைக்கு மேலே தனி அறை கொடுத்தார்கள் என்றே சொல்லலாம். பொய்க்கூரை போட்டவர்கள் வீட்டில், மேலிருந்து சூடேறும் அந்த இடைவெளியில் காற்று புரளாது. வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே இறங்குகிறது. அதனால் அங்கே பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டினால் பலன் உண்டு.

புரளவிடாமல் தடுக்கும் இதே வேலையை உப்பும் செய்யும். அடியில் உப்பு மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்கும் குளத்தில், அடித்தண்ணீர் வெயிலில் சூடானாலும் உப்பின் கனம் அதை மேலே விடாது. இன்றைய ருமேனியாவிலுள்ள திரான்சில்வேனியாவின் மெத்வே ஏரியில் மேற்பரப்புக்கு 1.32 மீட்டர் ஆழத்தில் 70 டிகிரி வெப்பம் இருப்பதை 1902இல் கலேசின்ஸ்கி என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். குஜராத்தின் பூஜ் நகரில் இப்படி வெட்டிய குளம் ஒன்று பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தது. மரக்காணம் உப்பளங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தைக்கு முன்பே அதே ஆள் வந்து, இரும்புச் சட்டத்தை உயர்த்தி, தொட்டியின் அடிப்பகுதி தகட்டின் மேல்விளிம்பைவிட ஓரடிக்கு மேல் இருக்கும்படி வைத்து, புயலுக்காக நான்கு மூலையிலும் கம்பி இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். இப்போது விடிகாலையில் நல்ல வெந்நீர் வருகிறது. உறை போடாத குழாயில் இரவெல்லாம் நின்ற முதல் அரை வாளி மட்டும் குளிர்ந்தே வரும். அதை அப்பா துளசிக்கு ஊற்றிவிடுகிறார்.