பாட்டியின் பயம் பேத்திக்கு எப்படிப் போகிறது?

1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், நாடோடிச் சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டது. 1952-ல் ஒழிந்தது. ஆனால் அதற்கப்புறம் பிறந்த ஒரு நரிக்குறவப் பாட்டி, திருவொற்றியூர் தேரடியில் பாசிமணி கோத்துக்கொண்டிருக்கும்போது போலீஸ் ஜீப் திரும்பினால், விரித்த துணியின் நாலு முனையையும் ஒரே பிடியில் அள்ளிவிடுகிறார். பக்கத்தில் பேத்தி அதற்குள் எழுந்து நின்றிருப்பாள். ‘எல்லாம் மரபணுவிலேயே எழுதியிருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். அவ்வளவு சுலபமில்லை.

பயந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கும். ஆபத்து போனதும் மூளை ‘போதும், நிறுத்து’ என்று சொல்லவேண்டும். அதற்கு மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் கார்ட்டிசாலைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைய வேண்டும். அந்த ஏற்பிக்கான மரபணுமேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்கூறு ஒட்டினால், மரபணு மாறாது, வேலை மட்டும் குறையும். அப்போது ஏற்பிகள் குறைந்து, பயம் வந்தால் லேசில் அடங்காது.

கனடாவில் மைக்கேல் மீனி என்ற ஆய்வாளரின் குழு 2004-ல் எலிகளிடம் இதைக் காட்டியது. அதிகம் நக்கிக்கொடுக்காத தாயிடம் வளர்ந்த குட்டிகளுக்கு அந்த மெத்தில் கூடுதல், மிரட்சியும் கூடுதல். அதே குட்டிகளைப் பிறந்த கையோடு நன்றாக நக்கும் தாயிடம் மாற்றினால் மெத்தில் குறைகிறது. பெற்றவளைவிட வளர்த்தவள்தான் இங்கே கணக்கு.

கருவிலும் நடக்கும். 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவானவர்களுக்கு, 60 வருஷம் கழித்தும் ஒரு வளர்ச்சி மரபணுவில் மெத்தில், கூடப்பிறந்தவர்களைவிடக் குறைவு. சரி, விந்து, முட்டை வழியாகவே பேத்திவரை இறங்குமா? கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் இந்த மெத்தில் அடையாளங்களில் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுவிடும். மனிதர்களில் இறங்குவதற்கு உறுதியான சான்று இல்லை. ‘பயம் ரத்தத்திலேயே இருக்கு’ என்பது எனக்கென்னவோ 1871 பேச்சுக்குத் தம்பி மாதிரிதான் படுகிறது.

முதுமைக் கணக்கு வேறு. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோமின் நுனியில் உள்ள உறை மாதிரியான டெலோமியர், செல் பிரியப் பிரியத் தேயும். எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர்களின் குழு 2004-ல், நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாரிடம் அளந்தது: எத்தனை வருஷப் பாடோ, அதற்கேற்ப டெலோமியர் குட்டை. பிளாட்பாரத்தில் லாரிப் புகையோடு அரைத்தூக்கம் தூங்கி எழுகிறவர் உடம்பு 50-லேயே கிழடு தட்டினால் ஆச்சரியமில்லை. முதியோர் உதவித்தொகையோ 60 ஆனால்தான். பிறந்த தேதிக்கு எந்தச் சான்றிதழும் இல்லாதவர் அந்த 60-ஐ நிரூபிக்க அலைவது தனிப் பாடு.