வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்: கியர் பெட்டிக்கு எந்த ஒயில்?

திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. கிளச்சை முழுதாக மிதித்திருந்தேன். அப்படியிருந்தும் கியர்க்கம்பு 'கர்ர்ர்' என்று கையை உதறியது. மூன்று வாரத்துக்கு முன்னர்தான் கியர் ஒயில் மாற்றியிருந்தேன், அதுவும் விலை கூடிய ஒயில். போத்தலில் ஜிஎல்-5 என்று பெரிதாக எழுதியிருந்தது. "நாலை விட அஞ்சு நல்லதுதானே, தம்பி" என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கும் அது சரியாகவே பட்டது.

அது ஏன் பிழை என்பது கியர் பெட்டிக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். கியர் மாற்றும்போது ஒரு பற்சக்கரம் விலகி இன்னொன்று வந்து கோர்த்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாமே எப்போதும் கோர்த்தபடியே சுற்றுகின்றன. அவற்றில் எது தண்டோடு பூட்டப்படுகிறது என்பது மட்டுமே மாறுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாவதன் விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது மூன்றாம் கியருக்கு மாற்றினால், கிளச்சுக்குப் பின்னாலுள்ள பாகங்கள் 1950 சுற்றுக்கு இறங்க வேண்டும். அதுவும் கம்பை நாம் தள்ளி முடிப்பதற்குள்.

அந்த வேலையைச் செய்வது ஒரு பித்தளை வளையம். கராஜ் மேசையில் கிடந்த பழைய வளையம் ஒன்றை மெக்கானிக் அண்ணை என் கையில் வைத்து, "உள்பக்கத்தை நகத்தால உரசிப் பாரும்" என்றார். சங்கிலிக் கொக்கியின் மரைபோல நுண்ணிய வரிகள் தட்டுப்பட்டன. இந்த வளையம் கூம்பு வடிவான ஓர் உருக்குப் பரப்பின்மேல் அழுந்தி, பிரேக் போலப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்துகிறது. இடையில் இருக்கும் ஒயில் படலத்தை வெட்டி வெளியே தள்ளத்தான் அந்த வரிகள்.

ஆக, இந்தப் பெட்டிக்குள் ஒயிலுக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள். பற்களுக்கிடையே அது வழுக்க வேண்டும், வளையத்தில் பிடிக்கவிட வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் சறுக்கும், வேகம் சமப்படுமுன் பூட்டு மோதும். நான் கேட்டது அந்த மோதலைத்தான்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை தரப்படிகள் அல்ல, வெவ்வேறு வேலைகளுக்கான பெயர்கள். ஜிஎல்-5 முக்கியமாக லொறி, வான் போன்றவற்றின் பின் அச்சுக்கானது. அங்குள்ள ஹைப்பொயிட் கியர்களில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் இழுபட்டுச் சறுக்குகின்றன. சாதாரண ஒயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பொஸ்பரசும் கொண்ட சேர்மானங்களை ஜிஎல்-5 இல் ஏறத்தாழ இரட்டிப்பாகச் சேர்க்கிறார்கள். சூடேறும்போது அவை இரும்போடு வினைபுரிந்து, உலோகம் உலோகத்தைத் தொடாமல் ஒரு மெல்லிய காப்புப் படையை உண்டாக்குகின்றன. போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது. அது பித்தளையையும் தாக்கக்கூடியது. இப்போது வரும் ஜிஎல்-5 ஒயில்களில் பல அந்த வகையில் முன்னையவற்றைவிடச் சாதுவானவைதான். ஆனாலும் வளையத்துக்கு வேண்டிய பிடிமானம் அவற்றில் கிடைக்கும் என்று நம்பி ஊற்ற முடியாது.

மறுபக்கமும் உண்டு. பின் அச்சுக்கு ஜிஎல்-4 ஊற்றினால் அந்த ஹைப்பொயிட் பற்கள் தேய்ந்தே போய்விடும். பின்சில்லு இழுக்கும் வானுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான ஒயில் வேண்டும். ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு துவாரத்துக்கும் ஊற்றும் இடத்தில் வாய் திறந்து கேளுங்கள். ஆல்டோ போன்ற முன்சில்லு இழுக்கும் சிறிய கார்களில் டிஃபரன்ஷியலும், அதாவது இரண்டு சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகமும், கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அங்கே ஹைப்பொயிட் இல்லை, சாய்ந்த பற்கள் கொண்ட சாதாரண சக்கரங்கள்தான். அதனால் ஒரே ஒயில் போதும்.

அடுத்தது தடிப்பு. 75டபிள்யூ-90 என்பதில் 'டபிள்யூ'வோடு வரும் எண் குளிருக்குரியது. 75டபிள்யூ மைனஸ் 40 பாகை வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும் சோதிக்கப்படுகிறது. விடியற்காலையிலும் வியர்க்கிற திருகோணமலையில் அந்த எண்ணுக்காகக் கவலைப்படத் தேவையில்லை. 90 என்பது 100 பாகை வெப்பத்தில் உள்ள தடிப்பு. எஞ்சின் ஒயிலில் 40 அல்லது 50 என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய இதே தடிப்புத்தான், அளவுகோல்தான் வேறு. நம்முடைய வெயிலுக்கு இன்னும் தடித்தது நல்லது என்று 140 ஊற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தடித்த படலத்தை வளையத்தின் வரிகளால் நேரத்துக்கு வெட்ட முடியாது. காலையில் முதல் இரண்டு மைலுக்குக் கம்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் கார்களின் கியர் பெட்டிக்கு எஞ்சின் ஒயிலையே ஊற்றச் சொல்கிறது அதன் கைநூல். 1959இல் வந்த மினியிலோ எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் பொதுவாக ஒரே ஒயில். வேறு சில வண்டிகள் ஓட்டோமட்டிக் கியரின் ஒயிலைக் கேட்கின்றன. ஆகவே வண்டியின் கைநூலைத் திறந்து பாருங்கள். கடைக்காரரின் அனுபவமும் என் அனுபவமும் அதற்குப் பிறகுதான்.

மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓட்டியிருந்தால் ஒயிலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சூடான பெட்டி தண்ணீரில் திடீரெனக் குளிரும்போது, காற்றுக் குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தால், அது எந்த வகையாக இருந்தாலும் வடித்துவிட வேண்டும். வடிக்குமுன் ஊற்றும் துவாரத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

என் காரின் ஒயிலை வடித்தபோது, வடிமூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது வழமையான இரும்புத் தேய்மானம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதைத் தேட வேண்டிய இடம் ஒயிலை வடித்த தட்டு. அண்ணை தட்டை வெயிலுக்குச் சரித்துக் காட்டினார். ஒயிலில் பொன்தூள் போல மெல்லிய மினுமினுப்பு. "இன்னும் கனக்கத் தேயேல்லை" என்றார். ஜிஎல்-4 ஊற்றி ஒரு கிழமை ஓடிய பின், உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.